சைக்கிள் வாடகைக்கு, பாதை யாருக்கு?

முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நாங்கள் சைக்கிளுக்கு எதிரான ஆட்கள் இல்லை. எங்களில் பாதிப்பேர் கம்பசுக்கு வந்து போவதே சைக்கிளில்தான். பழைய ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக மாற்றுவதும் நல்ல யோசனைதான். எங்கள் கோபம் வேறு இடத்தில்.

கொஞ்ச நாளாக எல்லாருடைய ஃபோனிலும் ஒரே மாதிரி ரீல்ஸ் ஓடுகிறது. நியூசிலாந்திலோ ஸ்பெயினிலோ, தண்டவாளம் கழற்றிய பாதையில், வாடகைக்கு எடுத்த சைக்கிளில் போகிறார்கள். ஒரு பாலம், ஒரு சுரங்கம், பின்னால் மலை. பார்த்து முடித்ததும் கன்ரீனில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "எங்கட நானுஓயா – ராகலை பழைய லைனையும் இப்படிச் செய்தா என்ன? டூரிஸ்ட் வந்து குவிவான்."

அந்த லைனைத் தெரியாதவர்களுக்காக: நானுஓயாவில் மெயின் லைனிலிருந்து பிரிந்து, நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை போன சின்ன ரயில் அது. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 2 அடி 6 அங்குலம்தான். 1903 இல் ஓடத் தொடங்கி 1904 இல் ராகலையைத் தொட்டது. நீளம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். தோட்டங்களிலிருந்து தேயிலைப் பெட்டிகளை இறக்குவதற்காகவே போட்ட பாதை. பிறகு லொறியும் பஸ்ஸும் போட்டிக்கு வர, 1940களில் மூடிவிட்டார்கள்.

ரயில் போன பாதை சைக்கிளுக்கு ஏன் பொருந்துகிறது? ரயிலால் ரோட்டைப் போலச் செங்குத்தாக ஏற முடியாது. எங்கள் மலைநாட்டு மெயின் லைனில் ஆகக் கடுமையான ஏற்றமே 44 அடி ஓடினால் 1 அடி ஏறுவதுதான். ராகலைச் சின்ன ரயில் அதைவிடக் கூடவே வளைந்தது, ஏறியது. என்றாலும் மலையை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, ஒரு மிதமான சரிவை யாரோ ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறார்கள். அந்த "யாரோ" யார் என்பதில்தான் எங்கள் சண்டை தொடங்குகிறது.

ரீல்ஸில் காட்டாத பகுதியைப் பார்ப்போம். நியூசிலாந்தின் ஒட்டாகோ மத்திய ரயில் தடம், கிளைட் முதல் மிடில்மார்ச் வரை 152 கிலோமீற்றர். ரயில் 1990 இல் நின்றது. 1993 இல் அந்த நிலத்தை வாங்கியது ஹொட்டேல் கொம்பனி இல்லை, அந்நாட்டு அரசின் இயற்கைப் பாதுகாப்புத் திணைக்களம். உள்ளூர்க்காரர்கள் ஒரு அறக்கட்டளை அமைத்துக் காசு சேர்த்தார்கள். 2000 இல் முழுப் பாதையும் திறக்கப்பட்டது. அங்கே சைக்கிளை வாடகைக்கு எடுக்கலாம், சொந்தச் சைக்கிளையும் கொண்டு போகலாம், நடந்தும் போகலாம். பாதைக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. வாடகைக் கடைக்காரர் சைக்கிளுக்குத்தான் சொந்தக்காரர், பாதைக்கு இல்லை.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் – பாத் ரயில் பாதை இன்னும் நல்ல உதாரணம். 1979 இல் தொண்டர்கள் மண்வெட்டியோடு இறங்கி, 1986 வரை கொஞ்சம் கொஞ்சமாகப் போட்ட 13 மைல் பாதை. உல்லாசமாகச் சுற்ற வருகிறவர்களும் உண்டுதான். ஆனால் காலையில் வேலைக்குப் போகிறவர்களும் படிக்கப் போகிறவர்களும் அதே பாதையில்தான் போகிறார்கள். பாதை முதலில் ஊருக்கு, பிறகுதான் விருந்தாளிக்கு.

இனி எங்கள் பக்கம் வருவோம். போன லீவில் மலையக நகரமொன்றில் நாங்கள் ஐந்து பேர் சைக்கிள் வாடகைக்குக் கேட்டோம். கடைக்காரர் முதலில் டொலரில் விலை சொன்னார். பிறகு பாஸ்போர்ட் கேட்டார். ஐடி தரலாம் என்றோம். எங்கள் தோழி ஒருத்தியின் ஐடியில் தோட்டத்தின் பெயர் இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சைக்கிள் எல்லாம் புக் ஆகிருச்சு" என்றார். வாசலில் ஏழு சைக்கிள் நின்றது.

இதை ஒரு கடைக்காரரின் குணம் என்று விட்டுவிடலாம். நாங்கள் விடமாட்டோம். மலையகத்தை அழகாகக் காட்டுகிற வியாபாரம் முழுக்க இந்தக் குணத்தில்தான் ஓடுகிறது. தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம் எடுப்பார்கள். ரயில் கதவில் தொங்கிக்கொண்டு படம் எடுப்பார்கள். கொழுந்து பறிக்கிற அம்மாவையும் படம் எடுப்பார்கள், பின்னணி பச்சையாக இருக்கிறதே. அந்த அம்மாவின் பிள்ளை வாடிக்கையாளராகக் கடை வாசலில் வந்து நின்றால் மட்டும் சைக்கிள் இல்லை.

கந்தப்பளைப் பக்கத்துத் தோழி அன்றைக்குக் கேட்டாள்: "எங்க பாட்டன் பூட்டன் வெட்டுன ரோட்டுல, நாங்க காசு கட்டி ஓடணுமா?" இதற்குப் பதில் சொல்லாமல் யாரும் ராகலை லைனைப் பற்றிப் பேசக்கூடாது. மலைநாட்டு ரயில் பாதைகளை வெட்டியதில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பு இருக்கிறது. அந்த ரயில் இறக்கிய தேயிலையும் அவர்கள் பறித்தது. ரயில் மூடப்பட்ட அதே பத்தாண்டில்தான், 1948 இல், குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. பாதையும் போனது, பிரஜாவுரிமையும் போனது.

இன்றைக்கு? 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கொம்பனிகளிடம் போனது. நிலம் அரசின் பெயரில், குத்தகை கொம்பனியின் கையில். நடுவில் லயத்தில் இருக்கிற பெரும்பாலான குடும்பங்களிடம், தலைமுறை தலைமுறையாக இருந்தும், காணி உறுதி இல்லை. நாளுக்கு 1000 ரூபா சம்பளத்துக்கே வருடக்கணக்கில் கத்த வேண்டியிருந்தது. 2021 இல்தான் கிடைத்தது. 2024 இல் அது 1350 ஆனது. இப்போது சொல்லுங்கள், வரப்போகிற பாதையில் ஒரு நாள் சைக்கிள் வாடகை இந்தச் சம்பளத்தைவிடக் கூடவா குறைவா? இந்தக் கணக்கைப் போடாமல் "அபிவிருத்தி" என்று சொன்னால் நாங்கள் சிரிப்போம்.

"வேலை வரும்தானே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். தோட்டத்தை விட்டுக் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஊரிலேயே ஒரு தொழில் கிடைத்தால் நாங்கள்தான் முதலில் சந்தோசப்படுவோம். ஆனால் என்ன வேலை? வேறு யாரோ நடத்துகிற கடையில் சைக்கிள் கழுவுகிற வேலையா? யாரோ கட்டுகிற ஹொட்டேலில் பெட்டி தூக்குகிற வேலையா? அந்த வேலைகள் இப்போதும் இருக்கின்றன. அதற்காகப் புதிதாக ஒரு பாதை தேவையில்லை.

அதனால் எங்கள் நிலைப்பாடு இது. பாதை போடுவதென்றால் போடுங்கள். ஆனால் முதல் வேலை, பழைய லைன் போன இடத்தில் இன்று யார் இருக்கிறார்கள் என்று அளப்பது. வீடோ தோட்டமோ இருந்தால் பாதைதான் வளைந்து போக வேண்டும், மனுசர் எழும்பிப் போகக்கூடாது. அங்கே வாழ்கிறவர்களுக்குக் காணி உறுதி கொடுத்த பிறகுதான் சுற்றுலாவுக்கு அடிக்கல். நிலம் பொதுச் சொத்தாகவே இருக்க வேண்டும். கேற் போட்டு டிக்கெட் வெட்டுகிற கதை வேண்டாம். சைக்கிள் வாடகையை அந்தந்தத் தோட்டத்து இளைஞர்களின் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தட்டும். விலை ரூபாவில் எழுதப்படட்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சைக்கிளுக்கு வாடகையே வேண்டாம். வழியில் வைக்கிற பலகைகளில், துரைமார் போட்ட ரயில் என்று மட்டும் எழுதாமல், வெட்டியவர்கள் யார் என்று மூன்று மொழியிலும் எழுதப்படட்டும்.

2023 இல் மலையகம் 200 ஐ ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். முன்னோர் நடந்த பாதையை நினைவுகூரக் காலால் நடந்தார்கள். வந்த பாதை யாருடையது என்று அந்த நடை சொல்லிவிட்டது. இருக்கிற நிலம் யாருடையது என்ற கேள்விக்குத்தான் இன்னும் பதில் வரவில்லை.

வாசிக்கிற நண்பர்களே, அடுத்த முறை அந்த ரீல்ஸைப் பகிரும்போது, அழகாக இருக்கிறது என்பதோடு இன்னொரு வரியும் சேர்த்து எழுதுங்கள்: அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது? சைக்கிள் ஓட்ட ஆசைப்படுகிற எல்லாரும் இதைக் கேட்டால்தான், லயத்துப் பிள்ளையும் ஓட்டுகிற பாதையாக அது வரும்.