கப்பலுக்கும் சீசன் உண்டு



வீட்டுக் கணக்கு என்றால் அரிசி, தேங்காய், மின்சாரப் பட்டியல் என்று முடிந்துவிட்ட காலம் போய்விட்டது. இன்று நமது குடும்பங்களில் ஒரு பிள்ளை லண்டனில், ஒரு பிள்ளை கட்டாரில், இன்னொன்று கனடாவில். "உம்மா, வாற லீவுக்கு எல்லாரும் சேர்ந்து கப்பல்ல ஒரு கிழமை போய் வருவோம்" என்ற பேச்சு தொலைபேசியில் வருகிறது. கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் 'வாற லீவுக்கு' என்ற அந்த வார்த்தைக்குள் எவ்வளவு பணம் ஒளிந்திருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. இம்மாதம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

பெருநாளுக்கு முந்திய கிழமையில் துணி விலை ஏறுவது நமக்குத் தெரியும். ஆனாலும் துணிக் கடைக்காரர் விற்பனை கூடினால் இன்னும் நாலு பொதி இறக்கிக் கொள்வார். கப்பல்காரரால் அது முடியாது. கப்பலில் உள்ள அறைகள் எத்தனையோ அத்தனைதான். புதிய கப்பல் ஒன்றைக் கட்டி முடிக்க வருடக் கணக்காகும். அதேவேளை, காலியான அறையோடு கப்பல் புறப்பட்டுவிட்டால் அந்த அறையின் வருமானம் போனது போனதுதான். துணியைப் போல அடுத்த மாதம் விற்க முடியாது. ஆகவே ஆள் குறைந்த மாதங்களில் கட்டணத்தை இறக்கியாவது அறைகளை நிரப்புவார்கள். ஆள் நிறைந்த மாதங்களில் உயர்த்தி, இறக்கியதையும் சேர்த்து எடுத்துக் கொள்வார்கள்.

அந்த நிறைந்த மாதங்கள் எவை? கடலைப் பொறுத்து அது மாறும். அமெரிக்காவின் அலாஸ்காக் கரையில் பெரும்பாலும் மே முதல் செப்டெம்பர் வரை சீசன். அதிலும் ஜூன், ஜூலை, ஓகஸ்ட் உச்சம். அங்குள்ள ஜூனோ நகரில் 2024 முதல் ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்களுக்கு மேல் வரக்கூடாது என்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள். இடம் மட்டுப்பட்டால் விலை இறங்குமா? மத்தியதரைக் கடலில் கோடை உச்சம். கரீபியன் தீவுகளுக்கு நத்தார், புதுவருடக் கிழமைகளும் மார்ச் மாத மாணவர் விடுமுறையும் உச்சம். வளைகுடாவில் கோடை வெயிலைத் தாங்க முடியாது என்பதால் துபாய், அபூதாபி, தோஹா துறைமுகங்களுக்குக் குளிர்காலமே கப்பல் காலம். நமது கொழும்புத் துறைமுகத்திலும் உல்லாசக் கப்பல்கள் அதிகமாகத் தெரிவது நவம்பர் முதல் ஏப்ரல் வரையான மாதங்களில்தான்.

இந்த நாட்காட்டியை எழுதியது வெயிலும் மழையும் மட்டுமல்ல, பாடசாலை மணியும்தான். மேல்நாட்டுப் பாடசாலைகள் மூடும் நாளில் கட்டணம் ஏறுகிறது. திறக்கும் நாளில் இறங்குகிறது. நமது பெருநாட்களோ பிறையைப் பார்த்து வருபவை. வருடத்துக்குச் சுமார் 11 நாட்கள் முன்னோக்கி நகர்பவை. அதனால் சில வருடங்களில் பெருநாளும் பாடசாலை லீவும் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. 2024இல் ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன் நடுப்பகுதியில், வளைகுடாவின் கோடை லீவை ஒட்டி வந்தது. அப்படியான காலங்களில் கப்பல் மட்டுமல்ல, மகன் ஊருக்கு வரும் விமான டிக்கெட்டும் கைக்கு எட்டாமல் போகும். பிள்ளைகளின் லீவைப் பற்றிப் பேசும்போது பிறைக் கணக்கையும் கூடவே பாருங்கள்.

இனி விளம்பரத்துக்கு வருவோம். 'ஏழு இரவுகள், 600 டொலர் முதல்' என்று போட்டிருப்பார்கள். அந்த 'முதல்' என்ற சொல்லில்தான் சூட்சுமம். அது ஆகக் குறைந்த கிழமைக்கு, ஜன்னல் இல்லாத உள்ளறைக்கு, ஓர் அறையில் இருவர் தங்கும்போது ஒருவருக்கான கட்டணம். துறைமுக வரி சில வேளைகளில் வேறு. அமெரிக்கக் கம்பனிகள் பலவற்றில் ஊழியர்களுக்கான சந்தோஷப் பணம் என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 டொலருக்கு மேல் கணக்கில் சேர்த்து விடுவார்கள்.

ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். தாய், தகப்பன், இரு பிள்ளைகள். குறைந்த கிழமையில் பெரியவர்களுக்குத் தலா 600, அதே அறையில் தங்கும் பிள்ளைகளுக்குத் தலா 300. மொத்தம் 1,800 டொலர். உச்சக் கிழமையில் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 600 என்று வைத்தால் 3,200. வரி ஆளுக்கு 120, சந்தோஷப் பணம் நாளுக்கு 16 என்றால், இரண்டு தடவையும் 928 டொலர் கூடும். ஆக, ஒன்று 2,728; மற்றது 4,128. அதே கப்பல், அதே அறை, அதே சாப்பாடு. வித்தியாசம் 1,400 டொலர்!

கூடுதல் காசுக்குக் கூடுதல் சௌகரியமாவது கிடைக்குமா? அதுவும் இல்லை. 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய 'ஐகொன் ஒஃப் த சீஸ்' என்ற பெரிய கப்பலில் அறைக்கு இருவர் வீதம் 5,610 பேர். எல்லாக் கட்டிலும் நிறைந்தால் சுமார் 7,600 பேர். லீவுக் காலத்தில் பிள்ளைகளோடு வருபவர்களால்தான் அந்த மேலதிகக் கட்டில்கள் நிறைகின்றன. காசும் கூட, வரிசையும் கூட.

"அப்படியானால் பாடசாலை நாளிலேயே பிள்ளைகளைக் கூட்டிப் போனால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் பல பெற்றோர் இதைச் செய்யத்தான் செய்கிறார்கள். அங்கே அனுமதியில்லாமல் பிள்ளையை நிறுத்தினால், ஒவ்வொரு பெற்றோருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 80 பவுண் தண்டம் என்று 2024 ஓகஸ்ட் முதல் நடைமுறையில் இருக்கிறது. 21 நாட்களுக்குள் கட்டாவிட்டால் 160. இரு பெற்றோர், இரு பிள்ளைகள் என்றால் 320 பவுண். மிச்சமாகும் பணத்தோடு பார்த்தால் இது பெரிதல்ல என்று கணக்குப் போடுகிறார்கள். மூன்று வருடத்துக்குள் மறுபடி செய்தால் நேரே 160; மூன்றாம் முறை நீதிமன்றம் வரை போகலாம். அது ஒருபுறம் இருக்கட்டும். தண்டம் கட்டினால் சட்டத்தை மீறலாம் என்பதைப் பத்து வயதுப் பிள்ளை நம்மிடமிருந்தா படிக்க வேண்டும்? அந்தப் பாடத்தின் விலையையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

அப்படியானால் வழி என்ன?

பாடசாலைக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால் லீவின் நடுவை விட்டு ஓரத்தைப் பிடியுங்கள். லீவு முடியும் தறுவாயில் உள்ள கிழமை நடுக் கிழமைகளைவிட மலிவாக இருப்பதுண்டு. உச்சக் காலத்தில் கடைசி நேரத்தில் விலை இறங்கும் என்று காத்திருக்காதீர்கள். அது காலியாக ஓடும் மாதங்களுக்குரிய தந்திரம். ஜனவரி முதல் மார்ச் வரை கம்பனிகள் அதிகமான சலுகைகளை அறிவிப்பார்கள், அப்போதே விசாரியுங்கள். முழுப் பணமும் கட்ட வேண்டிய நாள் பெரும்பாலும் புறப்பாட்டுக்குச் சுமார் மூன்று மாதம் முன்பு வரும். அதற்கு முன் விலை இறங்கினால் குறைத்துத் தரச் சொல்லி முகவரிடம் கேட்கலாம். பலர் கேட்பதில்லை, அதனால் கிடைப்பதுமில்லை. இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டுக்கும் விசா வேண்டுமா என்பதை அந்த நாளுக்கு முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வயதான பெற்றோரை மட்டும் அழைப்பதானால் ஓகஸ்டை விட்டுவிடுங்கள். மத்தியதரைக் கடலுக்கு மே, செப்டெம்பர். கரீபியனுக்கு டிசெம்பர் முதல் இரு கிழமைகள் நல்லவை. ஆனால் மலிவுக்கும் ஒரு காரணம் இருக்கும். செப்டெம்பர், ஒக்டோபரில் கரீபியன் குறைவென்றால், ஜூன் முதல் நவம்பர் வரை அங்கு சூறாவளிக் காலம் என்பதே காரணம்.

கணவரை இழந்த ஒரு தாய் தனியாக ஓர் அறை எடுத்தால் இருவரின் கட்டணத்தையும் கேட்பார்கள். ராத்தாவோ மகளோ உடன் தங்கினால் அந்தச் சுமை இல்லை. இதைப் பிள்ளைகள் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். உம்மா தானாக வாய் திறந்து சொல்ல மாட்டார்.

சாப்பாட்டு விஷயம் வேறு. ஹலால் இறைச்சி உண்டா என்பதைக் காசு கட்டுமுன் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். சவூதியின் 'அரோயா' கப்பல் 2024 டிசெம்பரில் ஜித்தாவிலிருந்து பயணத்தைத் தொடங்கியது. அதில் மதுபானம் இல்லை. ஆனாலும் அதுவும் சீசனுக்குக் கட்டுப்பட்டதுதான்: குளிர்காலத்தில் செங்கடலில் ஓடி, 2025 கோடையில் இஸ்தான்பூலுக்குப் போனது.

சகோதரிகளே, குடும்பம் ஒன்றுகூடுவது நல்ல காரியம். ஆனால் தவணைக் கடனில் போன ஒரு கிழமைப் பயணம், வருடம் முழுக்க வீட்டில் முணுமுணுப்பாக ஓடக்கூடாது. அந்த 1,400 டொலர் வித்தியாசத்தில், எல்லாரும் ஊருக்கே வந்து உம்மாவின் கைச்சோறு தின்றுவிட்டுப் போகலாமா என்றும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் கப்பலைத்தான் விரும்பினால், கிழமையைத் தெரிவு செய்யும் பொறுப்பை நீங்கள் வாங்கிக் கொள்ளுங்கள்.