பேச்சு சிகிச்சை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரட்டும்

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015–16இல் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. மனச்சோர்வு, மனப்பதற்றம் போன்ற பரவலான மனநலக் கோளாறுகளால் அவதிப்படுகிறவர்களில் 100க்கு 80 பேருக்கும் மேல் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை என்று அது கண்டறிந்தது. சிகிச்சை கிடைக்கிற சிலருக்கும் பெரும்பாலும் மாத்திரைச் சீட்டுதான் கிடைக்கிறது. உட்கார்ந்து பேசிக் கேட்க ஆளில்லை. கட்டணம் வாங்கிக் கேட்கிற ஆலோசகர்களோ பெருநகரங்களில் குவிந்திருக்கிறார்கள். உளப்பகுப்பாய்வு சிறந்ததா, சி.பி.டி. எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை சிறந்ததா என்ற விவாதம் உளச்சிகிச்சைத் துறைக்குள் இன்னும் ஓயவில்லை. மனச்சோர்வைப் பொறுத்தவரை அந்த விவாதத்துக்குப் பெருமளவு விடை கிடைத்துவிட்டது என்பது நம் கருத்து. அந்த விடை, வசதி குறைந்தவர்களுக்குச் சாதகமானது. சோதித்து உறுதிசெய்யப்பட்ட எளிய பேச்சு சிகிச்சையைப் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்களைக் கொண்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாக வழங்க அரசு முன்வர வேண்டும்.

ஆய்வுலகம் இந்த இடத்துக்கு எளிதில் வந்து சேரவில்லை. வெவ்வேறு சிகிச்சை முறைகள் ஏறக்குறைய ஒரே பலனைத் தருகின்றன, எல்லாவற்றுக்கும் பொதுவான அம்சங்களே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்க உளவியலாளர் சால் ரோசன்ஸ்வைக் 1936லேயே எழுதினார். லண்டனில் ஹான்ஸ் ஐசென்க் 1952இல் அடித்தளத்தையே கேள்விக்குள்ளாக்கினார்: சிகிச்சை இல்லாமலே மூன்றில் இரண்டு பங்கினர் ஈராண்டுகளில் தேறிவிடுகிறார்கள், அப்படியானால் உளச்சிகிச்சையின் பயன் என்ன என்று கேட்டார். தக்க பதில் வர கால் நூற்றாண்டு ஆனது. மேரி லீ ஸ்மித்தும் ஜீன் கிளாஸும் 1977இல் சுமார் 400 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிக் கணக்கிட்டபோது, சிகிச்சை பெற்றவர்களில் சராசரி மனிதர், பெறாதவர்களில் முக்கால்வாசிப் பேரைவிட நல்ல நிலையில் இருந்தது தெரியவந்தது. முறைக்கு முறை வித்தியாசம் சொற்பமாகவே இருந்தது. பின்னர் அமெரிக்க தேசிய மனநல நிறுவனம் 250 மனச்சோர்வு நோயாளிகளைக் கொண்டு நடத்தி 1989இல் வெளியிட்ட ஆய்விலும், ஆரன் பெக் உருவாக்கிய சி.பி.டி.க்கும் உறவுச் சிக்கல்களை மையமாகக் கொண்ட இன்னொரு சிகிச்சைக்கும் இடையே பெரிய வேறுபாடு தென்படவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள்தாம் நமக்கு மிக முக்கியமானவை. சி.பி.டி.யில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. நோயாளியின் எண்ணங்களை ஆராய்ந்து திருத்துவது ஒன்று; அவர் கைவிட்டுவிட்ட அன்றாடச் செயல்களைப் படிப்படியாக மீண்டும் தொடங்கவைப்பது மற்றொன்று. நீல் ஜேக்கப்சன் குழுவினர் 1996இல் இவற்றைப் பிரித்துச் சோதித்தார்கள். செயல்களைத் தூண்டும் பகுதி மட்டுமே முழுச் சிகிச்சைக்கு இணையான பலனைத் தந்தது. இங்கிலாந்தில் 440 பேரிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வு இன்னொரு படி மேலே போனது: இளநிலைப் பணியாளர்கள் அளித்த இந்த எளிய சிகிச்சை, தேர்ந்த சிகிச்சையாளர்கள் அளித்த சி.பி.டி.க்குக் குறைந்ததாக இல்லை, செலவும் குறைவு. நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் விக்ரம் படேல் குழுவினர் கடுமையான மனச்சோர்வு கொண்ட 495 பேரிடம் இதைச் சோதித்தார்கள். சிகிச்சை அளித்தவர்கள் மனநலத் துறையில் முன்பயிற்சி ஏதுமில்லாத உள்ளூர்க்காரர்கள். ஆறு முதல் எட்டு அமர்வுகள். தூக்கம், குடும்பத் தகராறு, செய்யாமல் விட்ட வேலைகள் என்று நோயாளியின் வாழ்க்கையிலிருந்தே பேச்சு தொடங்கும். 2017இல் வெளியான முடிவுப்படி, மூன்று மாதங்களில் இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 64 சதவீதத்தினர் தேறினார்கள். வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களில் தேறியவர்கள் 39 சதவீதம்.

எல்லா முறையும் சமம் என்றால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் செய்யலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. சமம் என்று தெரியவந்தவை, கட்டமைப்பும் பயிற்சியும் கொண்டு சோதனைக்கு உட்பட்ட முறைகள் மட்டுமே. நல்லெண்ணத்தோடு செய்ததும் தீங்காக முடிந்ததுண்டு. விபத்திலிருந்து தப்பியவர்களை உடனே உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் சொல்லச் செய்யும் முறை ஒரு காலத்தில் உலகெங்கும் பரவியது. சாலை விபத்தில் சிக்கியவர்களை மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2000இல் வெளியான ஆங்கில ஆய்வில், தொடக்கத்திலேயே மிகவும் கலங்கிப்போயிருந்தவர்களுக்கு அந்த அமர்வு மீட்சியைத் தடுத்ததாகவே தெரிந்தது. நோய்க்கு நோய் நிலைமை மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. திரும்பத் திரும்பக் கை கழுவ வைக்கும் எண்ணச் சுழற்சி நோய்க்கு, அச்சமூட்டும் சூழலைப் படிப்படியாக எதிர்கொள்ளவைக்கும் சிகிச்சையே வேண்டும். பொதுவான ஆறுதல் பேச்சு போதாது. மனச்சிதைவுக்கு மருந்து அடிப்படை. கடும் அதிர்ச்சியில் சிக்கியவர்களுக்கும் தற்கொலை எண்ணம் தீவிரமாக இருப்பவர்களுக்கும் தேர்ந்த நிபுணர்கள் வேண்டும். மற்ற மனச்சோர்வு நோயாளிகளை உள்ளூர்ப் பணியாளர் கவனித்துக்கொண்டால், எண்ணிக்கையில் குறைந்த நிபுணர்களின் நேரம் இத்தகையவர்களுக்கு மிஞ்சும்.

பணக்காரர்களுக்கு உளவியலாளர், ஏழைகளுக்குப் பத்தாம் வகுப்பு படித்த பணியாளரா என்ற ஆட்சேபம் இன்னும் கூர்மையானது. ஏழைக்குத் தரம் குறைந்த சிகிச்சை போதும் என்று யாராவது சொன்னால் அதை முதலில் எதிர்க்க வேண்டியவர்கள் நாம். ஆனால், பலன் குறையவில்லை என்று ஆய்வு காட்டும்போது, பட்டம் பெற்றவர் வரும்வரை காத்திருக்கச் சொல்வதுதான் ஏழைக்கு இழைக்கும் அநீதி. குடிக்கும் கணவன், கட்ட முடியாத கடன், வேலையில்லாத மகன், இவற்றையெல்லாம் பேச்சு தீர்க்குமா என்று கேட்போரும் உண்டு. தீர்க்காது. கடனுக்கும் வேலைக்கும் வேறு திட்டங்கள் வேண்டும். ஆயினும், குடிப்பழக்கத்துக்கும் இதே கோவா குழுவினர் ஒரு பேச்சு சிகிச்சையைச் சோதித்து, 36 சதவீதத்தினர் மீண்டதையும் வழக்கமான கவனிப்பில் 26 சதவீதத்தினரே மீண்டதையும் காட்டியிருக்கிறார்கள். அளவான பலன்தான் என்றாலும், வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு அது பெரிய மாற்றம்.

தமிழ்நாட்டிடம் இதற்கான வழி ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளோடு வீடு தேடிப் போகிறார்கள். எந்த வீட்டில் யார் ஒரு மாதமாகப் படுக்கையை விட்டு எழவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அதற்காக இந்த வேலையையும் அவர்கள் தலையில் கட்டிவிடக் கூடாது. நோயாளியைக் கண்டறிந்து அனுப்புவது அவர்கள் பணியாக இருக்கட்டும். சிகிச்சைக்கென்று ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் முறையான சம்பளத்தில் தனியே ஒரு பணியாளரை அமர்த்த வேண்டும். கோவாவில் அமர்வுகளை ஒலிப்பதிவு செய்து, கேட்டு, மதிப்பிட்டார்கள். அந்தக் கண்காணிப்பு இல்லாமல் இதைத் தொடங்கவே கூடாது. அந்தப் பொறுப்பை மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளர்கள் ஏற்க வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு எத்தனை பேர் தேறினார்கள் என்பதையும் மாவட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். சில மாவட்டங்களில் தொடங்கி, முடிவைப் பார்த்து விரிவாக்கலாம். அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே அதற்கு நிதி ஒதுக்க வேண்டும். அரசு நடத்தும் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறும் உரிமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ஒவ்வொருவருக்கும் வழங்கியிருக்கிறது. அந்தச் சட்டம் 2018 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கிறது.