ஏட்டுச் சுரைக்காய் சாம்பியன்கள்

கூடைப்பந்து ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் போதும், ஒரு கேள்வி தானாக வந்து நடுவில் உட்கார்ந்துகொள்ளும். 1995-96 சிகாகோ புல்ஸும் 2016-17 கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸும் மோதினால் யார் ஜெயிப்பார்கள்? ஒரு பக்கம் ஜோர்டன், பிப்பன், ராட்மன். 72 வெற்றி, 10 தோல்வி. இன்னொரு பக்கம் கரி, டியூரண்ட், தாம்சன். பிளேஆஃப்பில் 16 வெற்றி, ஒரே ஒரு தோல்வி.

இந்தச் சண்டை டீ ஆறும்வரை நடந்து, யாரும் தோற்காமல் முடிந்தால் அதில் தப்பே இல்லை. சண்டைக்குள் கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் வில்லங்கம். இரண்டு அணிகளின் புள்ளிவிவரத்தையும் உள்ளே கொட்டி, ஆயிரம் தடவை ஆடவிட்டு, "இவர்கள்தான் மேல், கணக்கு சொல்லிவிட்டது" என்று தீர்ப்பு எழுதுகிறார்கள். கணக்கு என்றதும் எதிரே இருப்பவர் வாயை மூடிக்கொள்ள வேண்டுமாம்!

இந்த வித்தை புதுசும் இல்லை. குத்துச்சண்டையில் 1970-லேயே அரங்கேறிவிட்டது. 49 சண்டையில் 49-ம் ஜெயித்து 1956-ல் ஓய்வு பெற்ற ராக்கி மார்சியானோவும், வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் 1967-ல் பட்டம் பறிக்கப்பட்ட முகமது அலியும் மோதினால் யார் ஜெயிப்பார் என்று கம்ப்யூட்டரைக் கேட்டார்கள். இருவரையும் 1969-ல் கேமரா முன் பொய்க்குத்து விட வைத்துப் பல முடிவுகளைப் படம் பிடித்துக்கொண்டார்கள். 1970 ஜனவரியில் அமெரிக்கத் தியேட்டர்களில் 13-ஆம் சுற்றில் மார்சியானோ நாக் அவுட்டில் ஜெயித்தார். ஐரோப்பாவில் காட்டிய படத்தில்? அலி ஜெயித்தார்! ஒரே சண்டை, ஊருக்கு ஊர் வேறு முடிவு. எந்த ஊர் ரசிகர் எதைப் பார்த்தால் சந்தோஷப்படுவாரோ அது. மார்சியானோ பாவம், எந்த முடிவையும் பார்க்கவில்லை. படம் வெளிவருவதற்குள் விமான விபத்தில் இறந்துவிட்டார்.

சரி, அது அந்தக் காலம், இப்போது கம்ப்யூட்டர்கள் எவ்வளவோ முன்னேறிவிட்டன என்பார்கள். கம்ப்யூட்டர் முன்னேறலாம். அதற்கு ஊட்டுகிற சோறு?

முதலில் மூன்று புள்ளிக் கோடு. வழக்கமாக அது கூடையிலிருந்து 23 அடி 9 அங்குலம், மூலைகளில் மட்டும் 22 அடி. 1994-95 முதல் 1996-97 வரை மூன்று சீசன்களுக்கு மட்டும் என்.பி.ஏ. அதை எல்லாப் பக்கமும் 22 அடியாகக் குறைத்தது. புல்ஸின் 72 வெற்றி சீசன் சரியாக இந்த இடைவெளியில் வருகிறது. கிட்டத்துக் கோட்டில் எடுத்த சதவீதத்தையும் தூரத்துக் கோட்டில் எடுத்த சதவீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆட விடுவது எந்த ஊர் நியாயம்?

அடுத்து தற்காப்பு. 1996-ல் பந்து இல்லாத ஆளை விட்டுவிட்டு ஓர் இடத்தைக் காவல் காத்து நின்றால் அது விதிமீறல். அந்தத் தடை 2001-02 சீசனில்தான் போனது. டிரேமண்ட் கிரீன் தன் ஆளை விட்டு விலகிவந்து கூடைக்கு அருகில் அடைப்பது அன்றைய நடுவரிடம் விசில் வாங்கும். அதேபோல, பந்து வைத்திருப்பவர் மீது கை வைத்துத் தடுப்பதற்கு எதிரான விதி 2004-05-ல் இன்னும் கடுமையாக்கப்பட்டது. ஜோர்டனும் பிப்பனும் அன்று கரியைத் தடுத்திருக்கக்கூடிய விதம் இன்று ஃபவுல். ஆக, கேள்வி "எந்த அணி மேல்" என்பதே அல்ல. "யாருடைய விசில்" என்பதுதான். விசிலைத் தேர்ந்தெடுத்த நிமிடமே பாதி ஆட்டம் முடிந்துவிடுகிறது. அதை வெளியே சொல்லாமல் கணக்கு என்று பெயர் வைக்கிறார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்!

இதைவிடக் கொடுமை, பழைய ஆட்டக்காரர்களுக்கு நடப்பது. பில் ரஸ்ஸல் 13 சீசன்களில் 11 முறை சாம்பியன். அவர் பெயரைச் சொன்னாலே ஞாபகம் வருவது பிளாக். அடித்த பந்தை வெளியே துரத்தாமல் தன் அணிக்காரர் கைக்குப் போகும்படி தட்டிவிடுவார் என்று கூட ஆடியவர்கள் சொல்வார்கள். ஆனால் என்.பி.ஏ. பிளாக்குகளையும் ஸ்டீல்களையும் எண்ணத் தொடங்கியது 1973-74-ல். ரஸ்ஸல் ஓய்வு பெற்றது 1969-ல். அதாவது அவருடைய மிகப் பெரிய திறமைக்கு அதிகாரபூர்வ ஏட்டில் ஒரு எண்கூடக் கிடையாது. அவருடைய பாஸ்டன் செல்டிக்ஸை இன்றைய அணியோடு மோதவிடும் ப்ரோகிராம் அந்த எண்ணை எங்கிருந்து எடுக்கிறது? யாரோ உட்கார்ந்து குத்துமதிப்பாகப் போடுகிறார். அந்தக் குத்துமதிப்புதான் கடைசியில் "செல்டிக்ஸ் 30 புள்ளியில் தோற்றது" என்று தசமப் புள்ளியோடு வந்து நிற்கிறது.

மூன்று புள்ளி வீச்சும் அப்படித்தான். என்.பி.ஏ.வில் அந்தக் கோடே 1979-80-ல்தான் வந்தது. சாம் ஜோன்ஸ் போர்டில் பட வைத்துப் பந்து போடுவதில் பேர் போனவர். ஒரு புள்ளி கூடக் கிடைக்காத தூரத்துக்குப் போய் அவர் எதற்கு எறிந்து பழகவேண்டும்? இல்லாத தேர்வில் ஒருவருக்கு முட்டை மார்க் போடுவதற்குப் பெயர் ஆராய்ச்சி அல்ல.

எல்லா எண்ணும் சரியாக இருந்தாலும்கூடச் சிக்கல் தீராது. அதற்குச் சாட்சி 2015-16 வாரியர்ஸ். 73 வெற்றி, 9 தோல்வி, அந்த வரலாற்றிலேயே அதிகம். எதிரே 57 வெற்றி பெற்ற கிளீவ்லாந்து. இறுதிச் சுற்றில் வாரியர்ஸ் 3-1 என்று முன்னிலை. எந்தக் கணக்கைப் போட்டாலும் கோப்பை யாருக்கு என்று சின்னக் குழந்தையும் சொல்லும். நடந்தது என்ன? கிரீனுக்கு ஐந்தாவது ஆட்டத்தில் தடை. லெப்ரான் ஓடிவந்து இகுவோடலாவின் பந்தைப் போர்டில் அறைந்த அந்த ஒரு பிளாக். கைரி இர்விங்கின் அந்த ஒரு வீச்சு. ஏழாவது ஆட்டம் 93-89, கோப்பை கிளீவ்லாந்துக்கு. சராசரி எடுக்கும் கருவி இந்த மாதிரி இரவுகளைத்தான் முதலில் வழித்து எறியும். சாம்பியன் பட்டம் உயிரோடு இருப்பதோ அந்த இரவுகளில்தான்.

இந்த விளையாட்டுகளே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வீடியோ கேமில் ஜோர்டனையும் கரியையும் மோதவிடுவது ஜாலியான சமாச்சாரம். ஒழுங்காகச் செய்தால் உபயோகமும் உண்டு. 1996 விதியில் ஒரு தடவை, 2017 விதியில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, முடிவு எவ்வளவு மாறுகிறது என்று காட்டினால் விதிகள் ஆட்டத்தை எப்படி மாற்றின என்று புரியும். அது நல்ல கேள்வி. ஆனால் அதற்குக் கைதட்டு கிடைக்காது, "யார் பெரியவர்" என்பதற்குத்தான் கிடைக்கும்.

இரண்டு பக்கமும் இருந்தவர் ஸ்டீவ் கெர். 1995-96 புல்ஸில் ஆடியவர், 2016-17 வாரியர்ஸின் பயிற்சியாளர். அவரிடமே 2017-ல் பழைய அணியா புதிய அணியா என்ற கேள்வி போனபோது, காலம் போகப் போக மனிதர்கள் மோசமாகிக்கொண்டே வருகிறார்கள் போல என்கிற தோரணையில் கிண்டல் அடித்துவிட்டு நகர்ந்தார். இந்தக் கேள்விக்கு அதைவிட நல்ல பதில் எந்தக் கம்ப்யூட்டரும் தரவில்லை :-)

சாம்பியன் என்றால் தன் காலத்தில், தன் விதியில், எதிரே வந்து நின்ற அத்தனை பேரையும் ஜெயித்தவர் என்று அர்த்தம். வராதவரை ஜெயிக்கவில்லை என்று அவரைக் குறை சொல்ல முடியாது. இனி யாராவது "ஆயிரம் தடவை ஓட்டினோம், 640 தடவை இவர்கள்தான்" என்று வந்தால் மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள். கோடு எத்தனை அடி? விசில் எந்த வருஷத்தது? எண்ணாத எண்ணை யார் போட்டது? பதில் வந்தால் மேலே பேசலாம். வராவிட்டால் அது ஏட்டுச் சுரைக்காய். கறிக்கு உதவாது.