சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் ஒரு குழந்தை

போன மாதம் எங்கள் ஆபீஸ் தம்பி ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஃப்ரிட்ஜ் தலையில் வரிசையாக ஐந்து மருந்து பாட்டில். முப்பது வயசுதான் ஆகிறது, அதற்குள் என்ன வியாதி என்று விசாரித்தால், "எனக்கில்ல சார், பையனுக்கு" என்றார். பையனுக்கு வயது ஒன்றே முக்கால்.

ஆறாவது மாதம் புட்டிப்பால் ஆரம்பித்ததிலிருந்தே கக்குகிறானாம். முதல் டாக்டர் 'ரிஃப்ளக்ஸ்' என்று சொல்லி, வயிற்றில் அமிலத்தைக் குறைக்கிற சிரப் எழுதினார். அடுத்தவர் சிரப்பை மாற்றினார். மூன்றாமவர் அளவைக் கூட்டினார். கை மடிப்பில் கரப்பான். அதற்குத் தோல் டாக்டர் ஒரு களிம்பு. அடிக்கடி மூச்சு இழுப்பு, அதற்கு இன்னொருவர். ஆக, ஐந்து டாக்டர்கள். 'பையன் என்ன சாப்பிடுகிறான்?' என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. நான் கேட்டேன். "சாதம் இறங்க மாட்டேங்குது சார். பாலாவது குடிக்கட்டுமேன்னு ஒரு லிட்டர் வரைக்கும் குடுக்கறோம்" என்றார் அவர் மனைவி.

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்தவன். எங்கள் கணக்குப் பாடத்தில் 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று ஒன்று உண்டு. ட்ரயல் பேலன்ஸ் இடிக்கிறதா? வித்தியாசத் தொகையைத் தற்காலிகமாக அதில் தூக்கிப் போடலாம். ஆனால் எங்கே தப்பு என்று தேடிக் கண்டுபிடித்து, அந்தக் கணக்கை மூடியாக வேண்டும். மூடாமல் வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டு போனால் ஆடிட்டர் கழுத்தைப் பிடிப்பார். நம் குழந்தைகள் விஷயத்தில் 'ரிஃப்ளக்ஸ்' என்பது அப்படி ஒரு சஸ்பென்ஸ் அக்கவுன்ட் ஆகிவிட்டது. ஆடிட்டர்தான் இல்லை.

கைக்குழந்தை பால் கக்குவது வியாதியே இல்லை. 'கக்கின பிள்ளை தக்கும்' என்று பாட்டிகள் சொன்னது சரிதான். உணவுக்குழாயின் அடியிலிருக்கிற வால்வு இன்னும் பக்குவப்படவில்லை, அவ்வளவுதான். ஒரு வயது, மிஞ்சிப்போனால் ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலும் தானாக நின்றுவிடும். நிற்கவில்லை, கூடவே கரப்பானும் இழுப்பும் சாப்பாட்டு வெறுப்பும் சேர்ந்து வருகிறது என்றால், வேறு எங்கேயோ கணக்கு இடிக்கிறது என்று அர்த்தம். முதலில் சந்தேகப்பட வேண்டிய ஆள், நாம் அமிர்தம் என்று கொண்டாடுகிற பால்.

சில குழந்தைகளின் உடம்பு மாட்டுப்பாலின் புரதத்தை எதிரியாகப் பார்க்கிறது. உடனே தடிப்பு, வீக்கம் என்று வந்தால் நமக்குப் புரிந்துவிடும். ஆனால் இன்னொரு வகை உண்டு. சத்தம் போடாமல், மணிக்கணக்கில், நாள்கணக்கில் வேலை செய்யும். குடல் புண்படும், இரைப்பையின் அசைவு தாறுமாறாகும், சாப்பிட்டது மேலே வரும். பார்ப்பதற்கு அச்சு அசலாக ரிஃப்ளக்ஸ் மாதிரியே இருக்கும். ரத்தப் பரிசோதனையில் சிக்காது. (பெரியவர்களுக்குப் பால் குடித்தால் வயிறு கடமுடா என்குமே, அது வேறு. அது பாலின் சர்க்கரை ஜீரணமாகாத விவகாரம்.)

இது ஒன்றும் நேற்றைய கண்டுபிடிப்பு இல்லை. 1996-ல் இத்தாலியில், எதுக்களிப்புத் தொல்லையோடு வந்த 204 கைக்குழந்தைகளைச் சோதித்ததில் 85 பேருக்கு மாட்டுப்பால் ஒவ்வாமை இருந்தது. அதற்கு முந்தின வருடம் அமெரிக்காவில், எந்த ரிஃப்ளக்ஸ் மருந்துக்கும் அடங்காத 10 குழந்தைகளுக்கு, ஒவ்வாமை கிளப்பும் புரதங்களை நீக்கிய சிறப்பு உணவு கொடுத்துப் பார்த்தார்கள். எட்டுப் பேருக்குத் தொல்லை அடியோடு நின்றது. மற்ற இருவருக்கும் குறைந்தது. அறுவை சிகிச்சை வரை போயும் தீராத கேஸ்களும் அதில் உண்டு!

சரி, சிரப் கொடுத்தால் என்ன குடி முழுகிவிடும் என்கிறீர்களா? 2009-ல் 162 கைக்குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு அமிலக் குறைப்பு மருந்தும், பாதிப் பேருக்கு வெறும் ஒப்புக்கு ஒரு மருந்தும் கொடுத்தார்கள். தேறியவர்கள் இரண்டு பக்கமும் 54 சதவிகிதம். பைசா வித்தியாசமில்லை.

அதைவிட விவகாரமான சேதி 2018-ல் வந்தது. அமெரிக்க ராணுவக் குடும்பங்களின் 7,92,130 குழந்தைகளின் மருத்துவப் பதிவுகளை அலசினார்கள். பிறந்த ஆறு மாதத்துக்குள் இந்த மருந்துகளைச் சாப்பிட்டவர்களுக்குப் பிற்பாடு உணவு ஒவ்வாமை வருவது இரண்டு மடங்குக்கும் மேல். வயிற்று அமிலம்தானே புரதத்தை உடைக்கிறது? அதைத் தணித்தால் புரதம் முழுசாகக் குடலுக்குப் போய் உடம்பை உசுப்பிவிடலாம் என்பது ஒரு விளக்கம். 'அப்படி இல்லை, ஏற்கெனவே ஒவ்வாமை உள்ள குழந்தைகளைத்தான் ரிஃப்ளக்ஸ் என்று தப்பாக நினைத்து மருந்து கொடுத்துவிட்டார்கள்' என்பது மறுப்பு. ரெண்டில் எது உண்மையானாலும் வண்டவாளம் யாருடையது, சொல்லுங்கள்!

அதே 2018-ல் ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைகள் குடல்நோய் மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து ஒரு வழிமுறை எழுதின. கைக்குழந்தைக்கு எதுக்களிப்புத் தொல்லை தீரவில்லையா, அமில மருந்தைத் தொடும் முன் 2 முதல் 4 வாரம் மாட்டுப்பால் புரதத்தை நிறுத்திப் பாருங்கள் என்கிறது அது. தாய்ப்பால் குடிக்கிற குழந்தை என்றால் அம்மா தன் சாப்பாட்டில் பாலை நிறுத்த வேண்டும், தாய்ப்பாலை அல்ல. செலவில்லாத வைத்தியம். ஆனால் அதை விளக்கிச் சொல்லக் கால் மணி நேரம் வேண்டும். டோக்கன் நம்பர் 64 வெளியே காத்திருக்கிற கிளினிக்கில் கால் மணிக்கு எங்கே போவது? சிரப் எழுத அரை நிமிஷம் போதும். நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மருந்தே எழுதாமல் "பாலை நிறுத்துங்க" என்று மட்டும் சொல்லும் டாக்டருக்கு ஃபீஸ் கொடுக்க நமக்கு மனசு வருமா?

இதைப் படித்துவிட்டு 'எல்லாம் அலர்ஜி' என்று கிளம்பிவிடாதீர்கள். அந்தப் பக்கமும் கடை விரித்துதான் உட்கார்ந்திருக்கிறார்கள். பிரிட்டனில் பால் ஒவ்வாமைக்கான சிறப்பு டப்பா மாவுக்கு எழுதிய சீட்டுகள் 2006-க்கும் 2016-க்கும் நடுவில் ஏறக்குறைய 500 சதவிகிதம் கூடின. அத்தனை குழந்தைகளுக்குத் திடீரென்று ஒவ்வாமை வந்துவிடவில்லை. டப்பாக் கம்பெனிகளின் கை நீண்டதுதான் காரணம் என்று மருத்துவ இதழிலேயே எழுதினார்கள். ஆட்டுப்பாலுக்கு மாறுவதும் வேலைக்காகாது. மாட்டுப்பால் ஆகாத பத்துக் குழந்தைகளில் ஒன்பதுக்கு அதுவும் ஆகாது.

நிறுத்திப் பார்ப்பது பாதி வேலைதான். திரும்பக் கொடுத்துப் பார்ப்பது மீதி. நிறுத்தியதும் கக்கல் நின்று, கொடுத்ததும் வந்தால்தான் பால் குற்றவாளி. இல்லையென்றால் பால் விடுதலை. வேறு காரணத்தைத் தேட வேண்டும். வளருகிற பிள்ளைக்குப் பாலை நிறுத்தும்போது மாற்று உணவு வேண்டும் என்பதால் டாக்டர் துணையோடுதான் இதைச் செய்ய வேண்டும். பால் பட்டதும் முகம் வீங்கிய, உடம்பு தடித்த குழந்தைக்கு வீட்டில் திரும்பக் கொடுத்துப் பார்க்கவே கூடாது. பச்சையாகவோ ரத்தமாகவோ வாந்தி எடுத்தாலும், எடை இறங்கினாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஆபீஸ் தம்பி ஆறாவதாக ஒரு டாக்டரைப் பார்த்தார். இவர் கேட்டார். பால், தயிர், மோர், பால் பவுடர் போட்ட பிஸ்கட் எல்லாம் நாலு வாரம் 'கட்' என்றார். நேற்று போன் பண்ணி எத்தனாவது நாள் என்று விசாரித்தேன்.

"பதினேழாவது நாள் வரைக்கும் வந்தது சார். நேத்து ஊர்லேர்ந்து எங்கம்மா வந்தாங்க. பாலில்லாம பிள்ளை துரும்பா இளைச்சுட்டான்னு, நாங்க ஆபீஸ் போன நேரத்துல ஒரு டம்ளர் காய்ச்சிக் குடுத்துட்டாங்க. மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணணும்."