பேச்சு போனால் புத்தியும் போய்விடுமா?

பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோன ஒருவரைப் பார்க்கப் போனால் பெரும்பாலான வீடுகளில் ஒரே கதைதான். அவர் கட்டிலில் படுத்திருப்பார். நாம் சுற்றி நின்றுகொண்டு அவரைப் பற்றியே பேசுவோம். "சாப்பிடறாரா?" "தூங்கறாரா?" "ஆள் தெரியுதா?" எல்லாக் கேள்வியும் மனைவியிடமோ மகனிடமோதான். அவரிடமே ஏதாவது சொல்வதென்றால், செவிடரிடம் கத்துவதுபோலக் கத்துவோம். இல்லாவிட்டால் குழந்தையைக் கொஞ்சுவதுபோலக் கொஞ்சுவோம். இந்த வழக்கம் தப்பு என்பது என் கட்சி. மூளை ஆராய்ச்சிக்காரர்களும் இதில் என் பக்கம்தான் இருக்கிறார்கள்.

வங்கியில் லெட்ஜர் புரட்டியே காலம் கழித்தவனுக்கு மூளை ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் என் நண்பர். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருஷத்துக்கு முன் ஸ்ட்ரோக் வந்து வலது கை விழுந்தது, கூடவே பேச்சும் போனது. இப்போது அவரிடம் மிச்சம் இருப்பது "அது... அது..." என்ற ஒரு சொல். கோபம் வந்தால் மட்டும் ஒரு வசவு ஸ்பஷ்டமாக வந்து விழும். சின்ன வயதில் மனப்பாடம் செய்த சுவாமி பாட்டை நாம் முதல் அடி எடுத்துக் கொடுத்தால் பாதி வரை கூடவே பாடுவார். ஆனால் தண்ணீர் வேண்டும் என்று கேட்க வராது. "பாட மட்டும் வருது, பேச வராதா? எல்லாம் பிடிவாதம்" என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிடிவாதம் ஒன்றும் இல்லை. மனப்பாடமும் வசவும் பாட்டும் தப்பிப் பிழைப்பது இந்த நோயில் சகஜம். இந்தப் பாட்டையே பிடித்துக்கொண்டு பேச்சை மீட்கும் ஒரு பயிற்சி முறை 1973லேயே அமெரிக்காவில் வந்துவிட்டது.

வாரத்தில் இரண்டு நாள் அவரோடு ரம்மி ஆடுகிறேன். ஒற்றைக் கையால் சீட்டைப் பிடித்து எடுக்க முடியாது என்பதால் ஒரு மரச் சட்டத்தில் சொருகி வைத்துக்கொள்கிறார். மூன்றில் இரண்டு ஆட்டம் அவருக்கே. பால் கணக்கில் நாலு நாள் கூடுதலாக எழுதியிருந்ததைக் காலண்டரில் விரலை வைத்துக் காட்டியதும் அவர்தான். அப்படிப்பட்டவர் எதிரிலேயே ஊரிலுள்ள அவருடைய நிலத்தை விற்பது பற்றிப் பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்தார்கள். "அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா?" என்றேன். "அவருக்கு என்னண்ணா தெரியப் போகுது" என்று பதில் சொன்னது அவர் மனைவி. நண்பர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன் பிறகுதான் நான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

இந்த ஆராய்ச்சியின் பிள்ளையார் சுழி 1861ல், பாரிசை ஒட்டிய பிசெத்ர் மருத்துவமனையில் போடப்பட்டது. லெபோர்ன் என்று ஒரு நோயாளி. வயது 51. எதைக் கேட்டாலும் "டான், டான்" என்பார். அதனால் எல்லோரும் அவரை டான் என்றே கூப்பிட்டார்கள். பால் ப்ரோக்கா என்ற டாக்டர் அவரைச் சோதித்தார். சில நாளில் நோயாளி இறந்துபோக, மூளையைப் பார்த்தபோது இடது முன்பகுதி பழுதாகியிருந்தது. பேச்சுக்கான இடம் இதுதான் என்றார் ப்ரோக்கா. அந்தப் பகுதிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

பாடப்புத்தகம் இதோடு நிறுத்திக்கொள்ளும். எனக்கு முக்கியமாகப் படுவது ப்ரோக்கா கூடவே எழுதிவைத்த இன்னொரு சங்கதி. "இங்கே வந்து எத்தனை வருஷம் ஆகிறது?" என்று லெபோர்னைக் கேட்டார். அவர் இடது கையை நான்கு முறை விரித்து மூடி, கடைசியில் ஒரு விரலைக் காட்டினார். 21 வருஷம், சரியான பதில். மறுநாள் கேட்டபோதும் அதே பதில். மூன்றாம் முறை கேட்டதும், தன்னை வைத்துப் பரீட்சை நடக்கிறது என்று புரிந்துபோய், கோபத்தில் ஒரு வசவு விட்டார்! கடிகாரத்தைக் காட்டினால் மணி சொல்லுவார், அதுவும் விரலால்தான். 'டான்' தவிர வேறு சொல் இல்லாத மனிதருக்குள் 21 வருஷக் கணக்கு பத்திரமாக இருந்திருக்கிறது.

இன்றைக்கு இந்தத் துறையில் பேர் சொல்லும் ஒருவர் எவெலினா ஃபெடரென்கோ. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் இருக்கிறார். ஆட்களை ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, அர்த்தமுள்ள வாக்கியங்களைப் படிக்கச் சொல்வார். பிறகு அர்த்தமே இல்லாத உளறல் சொற்களைக் கொடுப்பார். மூளையில் எந்த இடம் வாக்கியத்துக்கு மட்டும் அதிகமாக வேலை செய்கிறது என்று இப்படிப் பிடித்துவிடலாம். பெரும்பாலோருக்கு அது இடது பக்கம், நெற்றியை ஒட்டியும் காதை ஒட்டியும் இருக்கிறது. அப்புறம் அதே ஆட்களுக்குக் கணக்கு கொடுத்தார், சங்கீதம் போட்டுக் காட்டினார், கம்ப்யூட்டர் புரோகிராம் படிக்கச் சொன்னார். மொழிக்கான இடங்கள் இவற்றில் அநேகமாகக் கலந்துகொள்ளவில்லை. கணக்குக்கு வேறு இடங்கள் விழித்துக்கொண்டன. 2022ல் இவருடைய குழு 12 மொழிக் குடும்பங்களைச் சேர்ந்த 45 மொழிக்காரர்களைச் சோதித்தது. திராவிடக் குடும்பமும் அதில் உண்டு. மொழிக்கான இடங்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி அமைந்திருந்தன.

இங்கிலாந்தில் ரோஸ்மேரி வார்லி செய்த சோதனை இன்னும் நேரடியானது. பக்கவாதத்தைப் போல மூளையில் அடிபட்டு மொழித் திறனைப் பெரும்பாலும் இழந்த மூன்று பேர். ஒரு வாக்கியத்தில் மனிதன் சிங்கத்தைக் கொன்றானா, சிங்கம் மனிதனைக் கொன்றதா என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் எதிலிருந்து எதைக் கழிப்பது என்பதில் குழப்பம் இல்லை. அடைப்புக்குறி போட்ட கணக்கைக்கூடச் செய்தார்கள். 2005ல் வெளியான ஆய்வு இது. படித்தபோது எங்கள் ரம்மிதான் நினைவுக்கு வந்தது.

மொழி இல்லாமல் சிந்தனையே இல்லை என்று மேடையில் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள் நாம். தமிழ்ப்பற்றில் நான் யாருக்கும் குறைந்தவன் இல்லை. ஆனாலும் மொழி முதன்மையாக ஒருவர் மனதிலிருப்பதை இன்னொருவருக்குக் கொண்டுசேர்க்கும் சாதனம், யோசிப்பதற்கான சாதனம் அன்று என்று ஃபெடரென்கோ 2024ல் இன்னும் இருவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையின் வாதம் எனக்குச் சரியாகவே படுகிறது. மறுக்கிறவர்களும் உண்டு. படிப்பும் பேச்சும் இல்லாமல் அறிவு எப்படி வளரும் என்பார்கள். வளர்வது வேறு, வளர்ந்து முடிந்த 70 வயது மனிதர் கதை வேறு. பக்கவாதம் வந்த எல்லோருக்கும் புத்தி முழுசாக இருக்கும் என்றும் நான் சொல்லவில்லை. சேதம் பரவியிருந்தால் மற்றதும் பாதிக்கும். சிலருக்கு நாம் சொல்வதைப் புரிந்துகொள்வதே சிரமமாகும். அதைச் சோதித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். வாய் மூடியிருப்பதை வைத்து நாமாகத் தீர்ப்பு எழுதக் கூடாது.

என் தொழில் சம்பந்தப்பட்ட ஒன்று. பேச்சும் கையெழுத்தும் போனவரின் கணக்கை மகன் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஒரு கிளையில் சுலபமாகச் சொல்லியனுப்பினார்களாம். ரிசர்வ் வங்கி விதி அப்படி இல்லை. கைநாட்டு போதும், முடியாவிட்டால் கால் பெருவிரல் ரேகை. வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரி. பணம் அவருடையதாகவே இருக்கும். 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் மூளைப் பாதிப்பால் நிரந்தரமாகப் பேச்சு, மொழித் திறன் இழப்பதும் ஒன்று. சான்றிதழ் வாங்கலாம். பல வீடுகளில் இது தெரியாது.

பார்க்கப் போகிறவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். எதிரே உட்கார்ந்து, சாதாரணக் குரலில், ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. ஆமாம், இல்லை என்று தலையசைத்துச் சொல்லக்கூடிய கேள்வியாக இருந்தால் நல்லது. காகிதம், காலண்டர், படம் எது வேண்டுமானாலும் கைகொடுக்கும். கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். நமக்குக் கஷ்டமே அதுதான்!

நிலப் பேச்சு இன்னும் முடியவில்லை. வரைபடத்தை விரித்து, வந்திருக்கும் விலைகளை எண்ணில் எழுதி அப்பா முன்னால் வையுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். பெரியவன் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறான்.