பிடித்து வைத்த இடமும் அமானிதமே

சென்ற ஆண்டு, ஒரு ஜும்ஆத் தொழுகைக்குப் பின் நண்பர் ஒருவர் தம் மகனுடன் என்னிடம் வந்தார். பன்னிரண்டாம் வகுப்பில் தேறியிருந்த மகனுக்கு மூன்று கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. "ஹஜ்ரத், தாங்கள் இஸ்திகாரா தொழுது, எதில் சேர்ப்பது என்று சொல்லுங்கள்" என்றார்.

அன்று அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

இஸ்திகாரா என்பது குறி கேட்பதன்று; கனவை எதிர்பார்த்து உறங்குவதுமன்று. காரியம் எவருடையதோ அவரே இரண்டு ரக்அத் நஃபில் தொழுது, இதில் நலமிருப்பின் எளிதாக்கவும் தீங்கிருப்பின் திருப்பிவிடவும் இறைவனிடம் வேண்டுவதாகும். திருக்குர்ஆனின் அத்தியாயத்தைக் கற்பிப்பது போன்றே இதனையும் நபி (ஸல்) அவர்கள் தோழர்களுக்குக் கற்பித்தார்கள் என ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். தாமே வேண்டுவதற்காகத்தானே கற்பித்தார்கள்?

திருமறை (3:159) காட்டும் வரிசையையும் கவனியுங்கள். முதலில் ஆலோசனை, அடுத்து உறுதியான முடிவு, அதன் பின்னரே இறைவன்மீது பொறுப்புச் சாட்டுதல். நாமோ விசாரிக்கவேண்டியதை விசாரியாமல், பொறுப்பை மட்டும் சாட்டிவிட்டு அமர்ந்து விடுகிறோம்.

எதனை விசாரிப்பது? கல்லூரியின் பெயரை மட்டுமன்று. விரும்பிய பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர்கள் உளரா? ஆய்வுக்கூடமும் நூலகமும் மாணவர் கைக்கு எட்டுமா? முதலாண்டுக் கட்டணம் போக, மூன்றாண்டுக்கும் விடுதியுடன் ஆகும் செலவென்ன? அங்கு பயிலும் மூத்த மாணவர் இருவரைக் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919லும், சென்னை புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியும் 1951லும் தோன்றின. பெரியோர் பொருளீந்து அவற்றை எழுப்பியது நாம் கற்றுத் தேறுவதற்காக. பெயர் சொல்லிப் பெருமை கொள்வதற்காகவன்று.

பேச்சினிடையே மற்றொன்று வெளிப்பட்டது. 'எதற்கும் இருக்கட்டும்' என்று நண்பர் மூன்று இடங்களிலும் பணம் கட்டியிருந்தார். "காசு கொடுத்த இடம் நம்முடையதுதானே, ஹஜ்ரத்?" என்றார்.

சகோதரர்களே! ஒருவர் அமர ஓரிருக்கை போதும். மற்ற இரண்டுக்கும் காத்திருப்போர் பட்டியலில் எவரோ இருக்கிறார். ஒருவேளை கூலித் தொழிலாளி ஒருவரின் மகளாகவும் இருக்கலாம். நாளை வருமென்று காத்திருந்து, வேறு கல்லூரிகளும் நிரம்பிவிட, அப்பிள்ளை ஓராண்டை இழக்கக்கூடும். அமானிதங்களை உரியோரிடம் சேர்ப்பிக்குமாறு திருமறை (4:58) கட்டளையிடுகிறது. நமக்குத் தேவையற்ற இடம் நம் கையிலுள்ள அமானிதமன்றோ?

பணமும் சான்றிதழும் போய்விடுமே என்ற அச்சம் பலருக்குண்டு. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்தபின் கல்லூரிகள் திருப்பித் தரவேண்டும். பிடித்து வைத்துக் கொள்ளலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018ல் விதித்தது. சேர்க்கையின் இறுதி நாளுக்குப் பதினைந்து நாட்களுக்கு முன்பே விலகினால், பிடித்தம் ஐந்து விழுக்காட்டையோ ரூ.5,000ஐயோ தாண்டக்கூடாது என்றும், தாமதிக்குமளவு திரும்பும் தொகை குறையும் என்றும் அவ்விதி கூறிற்று. விரைந்து விடுவது பிறர்க்கு மட்டுமன்றி, நமக்கும் இலாபமே.

தந்தை தயங்கினார். மகனோ, "அத்தா, இன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுவோம்" என்றான். கல்லூரி வாசலை மிதிக்குமுன்பே அவன் முதற்பாடத்தைக் கற்றுவிட்டான்.

நம் பிள்ளைகளுக்குப் பயன்தரும் கல்வியையும், பிறர் உரிமையை மதிக்கும் உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.