காவல்காரனுக்கும் காவல் வேண்டும்!

கம்ப்யூட்டரில் செயலி எழுதப் படிக்கும் இளைஞர்கள் இன்று ஏராளம். நல்ல படிப்புதான். ஆனால், எழுதிய செயலி ஒழுங்காக ஓடுகிறதா என்று கவனிக்கப் படித்தவர்கள் எத்தனை பேர்?

வீடு கட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. கூரை எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கவும் தெரிய வேண்டும்.

ஓடும் செயலியைக் கண்காணிப்பது ஒரு தனி வித்தை. அதைப் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒதுக்கக்கூடாது. செயலி எழுதப் படிக்கும்போதே இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஏன் என்பதற்கு, 2017-ம் ஆண்டில் நடந்த இரண்டு சம்பவங்களே சாட்சி.

மேகம் எங்கே?

"கிளவுடு" என்றால் மேகம். பெயர்தான் மேகம், இருப்பது தரையில்!

பெரிய பெரிய கட்டிடங்கள். அவற்றுக்குள் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள். அமேசான், கூகிள், மைக்ரோசாப்ட் முதலிய கம்பெனிகள் இவற்றை வாடகைக்கு விடுகின்றன. மற்றவர்கள் தங்கள் செயலிகளை அங்கே ஓட்டுகிறார்கள்.

ஒருவர் செல்போனில் சினிமா டிக்கெட் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாற்காலி காலியாக இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு கம்ப்யூட்டர். பணத்தை வாங்குவது இன்னொன்று. டிக்கெட்டை அனுப்புவது மற்றொன்று. இவற்றில் ஒன்று படுத்துக்கொண்டால் என்ன ஆகும்? பணம் போய்விடும், டிக்கெட் வராது!

கோளாறு எங்கே? கண்ணால் பார்த்தால் தெரியாது. அதற்குத்தான் கண்காணிப்புக் கருவிகள்.

மூன்று வகைச் செய்தி

இந்தக் கருவிகள் மூன்று வகைச் செய்திகளைச் சேகரிக்கின்றன.

முதலாவது, அளவு. டாக்டர் நாடி பிடித்துப் பார்ப்பது போன்றது இது. பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிறது? எத்தனை பேர் கேட்கிறார்கள்? எத்தனை பேருக்குத் தவறான பதில் போகிறது? கம்ப்யூட்டர் எந்த அளவுக்கு நிரம்பிவிட்டது? இந்த நான்கையும் அவசியம் கவனிக்க வேண்டும் என்று கூகிள் கம்பெனியின் என்ஜினீயர்கள் 2016-ல் வெளியிட்ட புத்தகத்தில் எழுதினார்கள்.

இரண்டாவது, குறிப்பு. இதை "லாக்" என்பார்கள். கடைக்காரர் அன்றாடம் எழுதும் கணக்கு நோட்டு போல, நடந்ததை எல்லாம் செயலியே நேரத்தோடு எழுதி வைக்கும்.

மூன்றாவது, தடம். ஒரு தபால் எந்த எந்த ஊர் வழியாக வந்தது என்று உறையில் உள்ள முத்திரைகள் காட்டும் அல்லவா? அதுபோல, ஒருவரது கோரிக்கை எந்த எந்தக் கம்ப்யூட்டருக்குப் போனது, எங்கே தாமதமானது என்று இது காட்டும்.

எல்லாத் தடங்களையும் சேர்த்து வைக்க இடம் போதாது. கூகிள் தனது தடம் பார்க்கும் முறையைப் பற்றி 2010-ல் விவரம் வெளியிட்டது. ஆரம்பத்தில் சராசரியாக 1,024 கோரிக்கைகளுக்கு ஒன்றின் தடத்தைத்தான் அது எடுத்து வைத்தது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்! ஆனால் சோற்றில் ஒரே ஒரு கல் கிடந்தால், அது இந்தப் பதத்தில் அகப்படாது. படிப்பவர்கள் இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

காலியாக இருந்த கிடங்கு

இனி, அந்த இரண்டு சம்பவங்கள்.

"கிட்லேப்" என்பது செயலி எழுதுகிறவர்கள் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் இடம். 2017-ம் ஆண்டு ஜனவரி 31-ந்தேதி, ஓர் ஊழியர் முக்கியமான தகவல் தொகுதியைத் தவறுதலாக அழித்துவிட்டார்.

நகல் இருக்கிறதே என்று கிடங்கைத் திறந்தார்கள். காலி!

நாள்தோறும் எடுக்க வேண்டிய நகல் எடுக்கப்படவே இல்லை. "நகல் எடுக்க முடியவில்லை" என்று எச்சரிக்கும் மின்னஞ்சல் வந்திருக்க வேண்டும். அந்த மின்னஞ்சலும் உரியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. வழியிலேயே தள்ளுபடி ஆகிவிட்டது! நல்லவேளையாக, வேறொரு வேலைக்காகச் சுமார் 6 மணி நேரத்துக்கு முன்பு எடுத்த நகல் ஒன்று கைகொடுத்தது. இடையில் சேர்ந்த தகவல்கள் போனவை போனவைதான்.

பொய் சொன்ன பச்சை விளக்கு

அடுத்த மாதம் 28-ந்தேதி, அமேசானில் விபத்து. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள அதன் தகவல் கிடங்கில், சில கம்ப்யூட்டர்களை மட்டும் நிறுத்த ஓர் ஊழியர் உத்தரவு கொடுத்தார். அதில் ஒரு சிறு பிழை. நினைத்ததைவிட அதிகமான கம்ப்யூட்டர்கள் நின்றுவிட்டன. சுமார் 4 மணி நேரம் பல இணையதளங்கள் திண்டாடின.

அப்போது, எல்லாம் நலமா என்று காட்டும் பலகை என்ன காட்டியது? பச்சை!

காரணம் என்ன? பலகையை மாற்றும் வசதியும் அதே கிடங்கை நம்பித்தான் இருந்தது. வீடு தீப்பற்றியபோது, காவல்காரனும் உள்ளேயே அகப்பட்டுக்கொண்டான்!

இரண்டு கம்பெனிகளும் நடந்ததை மறைக்காமல் வெளியிட்டன. அமேசான் அந்தப் பலகையின் நிர்வாகத்தைப் பல ஊர்களில் இருந்து இயங்கும்படி மாற்றியது. இது பாராட்டத்தக்கது.

எப்படிப் படிப்பது?

கருவி இல்லாமல் இந்த விபத்துகள் நடக்கவில்லை. கருவி இருந்தது. கருவி பேசுமா என்று சோதிக்கவில்லை. அதுதான் குறை.

படிக்கப் பணமும் தேவை இல்லை. அளவுகளைச் சேர்க்கும் "புரோமிதியஸ்", அவற்றைப் படமாகக் காட்டும் "கிராபானா", மூன்று வகைச் செய்திகளையும் ஒரே முறையில் திரட்டும் "ஓப்பன்டெலிமெட்ரி" எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பழகலாம்.

ஆனால், அழகான படங்களைத் திரையில் வரவழைத்தால் படிப்பு முடிந்தது என்று நினைக்கக்கூடாது. சிறிய செயலி ஒன்றை ஓட்ட வேண்டும். அதன் ஒரு பகுதியை வேண்டும் என்றே நிறுத்த வேண்டும். எச்சரிக்கை மணி அடிக்கிறதா? கோளாறைக் கண்டுபிடிக்க எத்தனை நிமிடம் ஆகிறது? இதுதான் உண்மையான பரீட்சை. கல்லூரிகளும் இதற்கு மார்க் போட வேண்டும்.

மணி அடிப்பதிலும் அளவு வேண்டும். தொட்டதற்கெல்லாம் அடித்தால், "புலி வருது" கதைதான். உண்மைப் புலி வரும்போது யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். குறிப்பேட்டில் பிறருடைய ரகசியச் சொல்லையும் வங்கி அட்டை எண்ணையும் எழுதி வைப்பதும் கூடாது.

"என் செயலி சிறியது. இவ்வளவு ஏற்பாடு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். இரண்டு அளவுகளோடு தொடங்கினால் போதும்: பதில் வரும் நேரம், தவறுகளின் எண்ணிக்கை. செயலி வளர வளர, காவலும் வளரட்டும்.

செயலியை நம்பிப் பணம் கட்டுகிறவருக்கு உள்ளே நடப்பது எதுவும் தெரியாது. அவருக்காக விழித்திருப்பது, எழுதியவரின் கடமை.